பன்னீர்செல்வம் அடுப்பை அணைத்த இருபத்திரண்டு நாட்கள்

என் அப்பா பன்னீர்செல்வத்தின் காலில் சக்கரத்தைக் கட்டிவிட்டது யார் என்று தெரியவில்லை. கிடர்பூர் துறைமுகத்துக்குள் கப்பல்களை விடும் லாக் கேட்டில் முப்பத்துநான்கு வருஷம் வேலை பார்த்தவர். ஆற்றில் நீர் ஏறும் நேரம் தினமும் மாறும். அதோடு அவருடைய தூக்கமும் சாப்பாடும் மாறும். ஓய்வு பெற்று ஐந்து வருஷம் ஆகியும் உடம்பு அதை ஒப்புக்கொள்ளவில்லை. பெஹாலாவில் எங்கள் கீழ்த்தள வீடு இரண்டு அறை, ஒரு சமையலறை, நடுவில் ஒரு நடை. அந்த நடையிலேயே நாளைக்கு நான்கு கிலோமீட்டர் நடந்துவிடுவார். கிரிக்கெட்டைக்கூட நின்றுகொண்டுதான் பார்ப்பார்.

அம்மா ராமாயி நேர்மாறு. முசிறிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள். வங்காள மொழியை மீன்காரனோடு சண்டை போட்டே கற்றுக்கொண்டாள். உட்கார்ந்த இடத்திலிருந்தே வீட்டை ஆட்டிவைப்பாள். நான் தாரா, ஒரே பெண், காளிகாட்டில் ஒரு வங்கிக் கிளையில் வேலை. முப்பத்துமூன்று வயதாகியும் அடுப்படியில் எனக்கு எடுபிடி வேலைதான் கிடைத்திருந்தது.

போன துர்கா பூஜையில், அஷ்டமியன்று பந்தலில் போக் என்கிற பிரசாதச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தோம். கிச்சடி இரண்டாவது வாயிலேயே அம்மா நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். தண்ணீர் குடித்ததும் இறங்கிவிட்டது. "கேஸ்" என்றார் அப்பா. ஓடிப்போய் மாத்திரை வாங்கிவந்தார். பிறகுதான் தெரிந்தது, இரண்டு மாதமாகவே சோற்றை ரசத்தில் குழைத்துக் குடித்துக்கொண்டிருந்திருக்கிறாள். எங்களுக்குப் பரிமாறிவிட்டுக் கடைசியில் சாப்பிடுகிறவள் என்ன சாப்பிடுகிறாள் என்று நாங்கள் திரும்பிப் பார்க்கவில்லை. அதற்காக எனக்கு என்மேல் இன்றைக்கும் கோபம் தீரவில்லை.

உணவுக்குழாயில் புற்றுநோய். கல்லீரல் வரை பரவியிருந்தது. அறுவைக்கு வழியில்லை என்றார்கள். எச்சிலாவது இறங்கட்டும் என்று கொஞ்ச நாள் கதிர்வீச்சு கொடுத்தார்கள். டிசம்பரில் வயிற்றில் ஒரு குழாய் வைத்து, இனி சாப்பாடு இதன் வழியாகத்தான் என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நான் வங்கியில் நீண்ட லீவு போட்டேன். கிளம்பும்போது அப்பா டாக்டரை வராந்தாவரை துரத்திக்கொண்டு போய், எவ்வளவு நாள் என்று கேட்டார். உள்ளே போவது ஒழுங்காகப் போனால் வெயில் காலத்தையும் தாண்டலாம், நடமாடலாம், பேசலாம். போகாவிட்டால் வாரக் கணக்குதான் என்றார் அவர்.

அப்பா அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டார். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஊட்ட வேண்டும். போனில் அலாரம் வைத்தார். அது அடிப்பதற்கு ஐந்து நிமிஷம் முன்பே கையைக் கழுவிக்கொண்டு நிற்பார். அம்மாவை நிமிர்த்தி உட்காரவைத்து, முதலில் வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு, பெரிய சிரிஞ்சைக் குழாயில் செருகி உயர்த்திப் பிடித்து, சத்துமாவுக் கரைசலை மெல்ல ஊற்றி, கடைசியில் மறுபடி தண்ணீர் விட்டுக் கிளிப்பை மூடுவார். சும்மா சொல்லக்கூடாது, அந்த வேலையில் அப்பாவை மிஞ்ச நர்ஸ் கிடையாது. அம்மாவும் ஒத்துழைத்தாள். ஒரு கிலோ எடைகூடக் கூடினாள்.

ஜனவரியில் ஒரு சனிக்கிழமை நான் சாம்பார் வைத்தேன். தாளிக்கிற நேரத்தில் போன் வந்தது. எடுத்தேன். கடுகு படபடவென்று வெடித்து வீடெல்லாம் வாசனை. உள்ளே அம்மா சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தாள்; கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. வாசலில் நின்று அப்பா அதைப் பார்த்தார். அன்று முழுக்க நடையில் நடந்தார்.

மறுநாள் காலை எழுந்து பார்த்தால் அடுப்பைக் காணோம். செய்தித்தாளில் சுற்றிப் பரணில் ஏற்றியிருந்தார். சிலிண்டர் வாயை மூடி மூலையில் நிறுத்தியிருந்தார். மேடையில் ஒரு மின்சாரக் கெட்டில் மட்டும் இருந்தது.

"இனிமே இந்த வீட்ல சமையல் கெடையாது" என்றார் என்னை நடைக்கு இழுத்துவந்து, குரலைத் தாழ்த்தி. "பாத்தேல்ல, அவ எப்படி அழுதான்னு. சாப்பிட முடியாதவ மூக்கு முன்னாடி தாளிக்கறது பாவம். நம்ம வெளியில பாத்துக்கலாம்."

எனக்கும் சரியென்றுதான் பட்டது. எந்தப் பைத்தியக்காரத்தனத்தையும் அன்பு என்று சொன்னால் ஒப்புக்கொண்டுவிடுகிற வீடு எங்களுடையது.

அதற்கப்புறம் அவர் வாசனையோடு போரே நடத்தினார். ஜன்னல்களை அடைத்தார். மாடியில் வீட்டுக்காரி, நான் சித்தி முறையில் மதுகாக்கிமா என்று கூப்பிடுகிறவள், மீன் வறுப்பது தெரிந்ததும், படியேறிப் போய்க் கதவைத் தட்டி, கொஞ்ச நாளைக்கு மீன் வறுக்காமல் இருக்க முடியுமா என்று கேட்டுவிட்டார். வங்காளி வீட்டில் போய்க் கேட்கிற கேள்வியா இது. காக்கிமா அவரை ஏற இறங்கப் பார்த்தாளாம். பிறகு, அண்ணன் முறை வைத்து, "சரி பன்னீர்தா, ராமாயிக்காக" என்றாளாம். சொன்னதோடு நிற்கவில்லை. தினமும் மத்தியானம் எங்கள் இரண்டு பேருக்கும் ஒரு தூக்கில் சோறும் பருப்பும் கொண்டுவர ஆரம்பித்தாள். நாங்கள் அதை மாடிப்படியின் கீழே, சைக்கிள்களுக்கு நடுவில் நின்றுகொண்டு, திருடர்கள் மாதிரி விழுங்கினோம். பிறகு வாயைக் கொப்பளித்துவிட்டு உள்ளே வருவோம். சாயந்திரம் அப்பா சௌரஸ்தா நாற்சந்தியில் முட்டை ரோல் சாப்பிட்டுவிட்டு, சட்டையை மாற்றிக்கொண்டுதான் அம்மா பக்கம் போவார். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடும் என்று அறுபத்தைந்து வயதில் நம்பிய மனிதர் அவர்.

அம்மா எதையும் கேட்கவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது. உப்பு எங்கே, பால்காரன் வந்தானா, தாரா ஏன் இன்னும் எழுந்திருக்கல என்று நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தவள் பேச்சைக் குறைத்தாள். பதினெட்டாம் நாள், அப்பா ஊட்டப் போனபோது, "இப்ப வேணாம்" என்றாள். அடுத்த முறையும் அதேதான். இருபதாம் நாள் அப்பா சிரிஞ்சோடு வந்ததும் குழாயின் கிளிப்பைக் கையால் மூடிப் பிடித்துக்கொண்டாள். கையை விலக்கப் பார்த்தார். அந்த எலும்புக் கையில் எங்கிருந்து பலம் வந்ததோ, விடவில்லை.

அதன்பின் அப்பாவை வீட்டில் பிடித்துவைக்க முடியவில்லை. ரிப்போர்ட்டுகளைப் பையில் போட்டுக்கொண்டு வேறு ஒரு டாக்டரிடம் ஓடினார். அவரும் அதையேதான் சொன்னார்: உள்ளே போகவேண்டும். காளிகாட் கோயிலுக்குப் போய்ப் பிரசாதப் பேடா வாங்கி வந்தார், யார் தின்பதற்கு என்று யோசிக்காமல். கிடர்பூரில் பழைய கூட்டாளி ஒருவரிடம் ஏதோ பொடி வாங்கிவந்தார். நான் பிடுங்கிச் சாக்கடையில் கொட்டினேன். ஒரு பஸ்ஸிலிருந்து இறங்கி இன்னொரு பஸ். வீட்டுக்குள் வந்தால் இரண்டு நிமிஷம் கட்டிலருகே நிற்பார், அம்மா முகத்தைத் திருப்பிக்கொள்வாள், மறுபடி செருப்பைத் தேடுவார்.

"நீங்க ஓடுறதால அம்மா வயித்துல ஏதாச்சும் போகுதாப்பா?" என்று கத்தினேன்.

"நின்னா மட்டும் போகுதா?" என்றார்.

நான் அழுதேன். அவர் வெளியே போய்விட்டார்.

இருபத்திரண்டாம் நாள் ஞாயிறு. மத்தியானம் காக்கிமாவின் தூக்கோடு அப்பா மாடியிலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்தார். தூக்கின் மூடி கிலுங்கியது. அறைக்குள்ளிருந்து அம்மா கூப்பிட்டாள். நோய் குரலையும் அரித்துவிட்டிருந்தது. காற்றும் வார்த்தையுமாகத்தான் வந்தது.

"அதை இங்க கொண்டாங்க."

அப்பா கையும் களவுமாகப் பிடிபட்டு, தூக்கை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு வாசலில் நின்றார். நான் அவருக்குப் பின்னால்.

"என்னை எப்ப எடுக்கறதா இருக்கீங்க?" என்றாள் அம்மா.

பிணத்தைத்தான் அப்படிக் கேட்பார்கள்.

"என்ன பேச்சு ராமாயி இது?"

"பின்ன என்னங்க. பொணம் கெடக்குற வீட்லதான் அடுப்புப் பத்தவைக்க மாட்டாங்க. பக்கத்து வீட்ல இருந்து தூக்குல சோறு வரும். எழவுக்கு வந்தவங்க நின்னுக்கிட்டே தின்னுட்டு வாயக் கழுவிட்டுப் போவாங்க. எத்தன வீட்டுக்கு நானே ஆக்கிக் குடுத்து அனுப்பிருக்கேன், எனக்குத் தெரியாதா? இருவத்திரண்டு நாளா பாத்துட்டுக் கெடக்கேன். ஜன்னலக்கூடச் சாத்திட்டீங்க. சரி, இவங்களுக்கு முடிஞ்சு போச்சு, நம்மதான் எந்திரிச்சுப் போகாம கெடக்குறோம்னு நெனச்சேன்."

இத்தனையும் பேசியதில் மூச்சு வாங்கியது. அப்பா தூக்கைத் தரையில் வைத்தார்.

"நீ அழுதியே புள்ள. தாளிச்ச அன்னிக்கு. உனக்குத் தாங்கலன்னு..."

"இவ கடுகத் தீச்சுப்புட்டா" என்றாள் அம்மா, என்னைக் காட்டி. "முப்பத்துமூணு வயசு. கடுகு தாளிக்கத் தெரியல. உங்களுக்கு வெந்நி வெக்கத் தெரியாது. நான் போயிட்டா இந்த ரெண்டும் என்னத்தத் தின்னும்னு அழுதேன். எனக்குத் திங்கணும்னு இல்ல. அந்த ஆசையெல்லாம் எப்பவோ போயிருச்சு."

நாங்கள் இரண்டு பேரும் நின்றுகொண்டிருந்தோம். கூச்சமாக இருந்தது. அவளைக் காப்பாற்றுகிறோம் என்று நினைத்துக்கொண்டு, உயிரோடு இருக்கிறவளுக்கு இருபத்திரண்டு நாள் எழவு வீடு நடத்தியிருக்கிறோம்.

"செத்த அன்னிக்கு ஒரு நாள் அணைச்சாப் போதும்" என்றாள் அம்மா. "அதுவரைக்கும் எரியட்டும். எறக்குங்க அத."

அப்பா ஸ்டூலைப் போட்டுப் பரணில் ஏறினார். செய்தித்தாளைக் கிழித்து அடுப்பை மேடையில் வைத்து, சிலிண்டரை மாட்டினார். அம்மாவின் நாற்காலியைத் தூக்கிச் சமையலறை வாசலில் போட்டு, தலையணை முட்டுக்கொடுத்து அவளை உட்காரவைத்தோம். வீட்டில் காய் என்று ஒரு துண்டு இல்லை. கத்தரிக்காய் என்று அவள் சொல்லி முடிப்பதற்குள் அப்பா கடைத்தெருவுக்குப் போய்ப் பத்து நிமிஷத்தில் திரும்பிவிட்டார். அந்தக் கால்களுக்கு மாதக் கணக்கில் முதல்முறையாக உருப்படியான ஒரு வேலை கிடைத்தது.

"எண்ணெய் காயட்டும். காயட்டும்னு சொல்றேன்ல. போனை அந்தப் பக்கம் வை. இப்பப் போடு. வெடிக்குதா, சிம்முல வை. வெங்காயம். தாரா, வெங்காயத்த!"

ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு இழுத்தாள். முகத்தில் பழைய எரிச்சல் வந்திருந்தது. எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. மாடிப்படியில் காக்கிமாவின் தலை தெரிந்தது. மோந்து பார்த்துவிட்டு மேலே போனாள். கொஞ்ச நேரத்தில் மாடியில் மீன் சட்டியில் விழுகிற சத்தம் கேட்டது.

தட்டுகளை எடுத்துக்கொண்டு நான் வழக்கம்போல மாடிப்படிப் பக்கம் நகர்ந்தேன்.

"எங்க போற? இங்கயே உக்காரு. என் கண்ணு முன்னாடி."

அவள் நாற்காலிக்கு எதிரே தரையில் உட்கார்ந்தோம். அப்பாவின் அலாரம் அடித்தது. அவர் அம்மாவைப் பார்த்தார், கேட்கப் பயந்து. அவளே புடவையை ஒதுக்கி, குழாயை எடுத்துக் கிளிப்பைத் தளர்த்தி நீட்டினாள்.

"எனக்கும் ஊத்துங்க. நீங்களும் சாப்பிடுங்க. மூணு பேரும் ஒண்ணாச் சாப்பிடுவோம்."

அப்பா முழங்கால் போட்டு, இடது கையால் சிரிஞ்சை உயர்த்திப் பிடித்துக்கொண்டு வலது கையால் சோற்றைப் பிசைந்தார். கரைசல் மெல்ல இறங்கியது. ஒரு வாய் சாப்பிட்டார். மென்றார். கன்னத்தில் வழிந்ததைத் துடைக்க அவருக்குக் கை மிச்சமில்லை.

"உப்பு?" என்றாள் அம்மா.

"சரியா இருக்கு."

"பொய் சொல்லாதீங்க."

"ஒரு கல்லு கம்மி" என்றார்.

அம்மா தலையை ஆட்டிக்கொண்டாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் வாயில் போட்ட கவளம் அப்படியே நின்றுகொண்டிருந்தது. தொண்டை அடைத்து, மேலேயும் வரவில்லை, கீழேயும் போகவில்லை. அவள் ஒல்லிக் கழுத்தையும் அந்தக் குழாயையும் பார்த்துக்கொண்டு என்னால் முடியவில்லை. எழுந்து போய்த் துப்பிவிடலாம் என்று கையை ஊன்றினேன்.

அம்மா குனிந்து என் தாடையைப் பிடித்தாள்.

"முழுங்குடி" என்றாள். "உன்னால முடியுதுல்ல. முழுங்கு."

முழுங்கினேன்.