'இதர' இல்லாத மனிதர்

சட்டையின் மேல் பட்டனைப் போட்டுக்கொண்டு, நாற்காலியைத் திரையிலிருந்து ஒரு முழம் பின்னால் தள்ளுகிறார். கணினிக்குள் மொத்தத் தகவலும் 'லோடு' ஏறும்போது ஒட்டி உட்கார்ந்தால் அது கூச்சப்படுமாம். நாற்பது நிமிடமும் டீ கிடையாது. தும்மல் வந்தால் வராந்தாவுக்கு ஓடுவார்.

எங்கள் ஆஸ்பத்திரிக் கணினிப் பிரிவில் அவர் பெயர் 'தடுப்புக்காரர்'. கணினி அட்டவணையை மாதவாரியாக அறை அறையாகத் தடுத்து வைத்திருப்பார். லட்சக்கணக்கில் மொத்தமாகக் கொட்டினாலும், ஒவ்வொரு வரியும் தன் தேதியைப் பார்த்துத் தன் மாதத்துக்குள் போய் உட்கார வேண்டும். எதிலும் அடங்காததைப் போட எல்லோரும் 'இதர' என்று ஒரு தடுப்பு வைப்பார்கள். இவர் வைக்க மாட்டார். "இதரன்னு ஒண்ணு வச்சா எல்லாம் அங்கதான் போய்ப் படுத்துக்கும் மேடம். எங்க வீட்டு டிராயரப் பாத்தீங்கள்ல?"

பார்த்திருக்கிறேன். அவர் மனைவி சண்டை போட்டு வாங்கிய ஒரே 'இதர' டிராயர் அது. மற்ற எல்லாவற்றிலும் சீட்டு ஒட்டியிருக்கிறது.

அன்று பத்து வருட ரத்தப் பரிசோதனை முடிவுகள், நாற்பது லட்சம் வரிகள், காலை ஒன்பதுக்குள் ஏறியாக வேண்டும். பழைய கணினியை முந்தின நாளே மூடிவிட்டார்கள். "பழைய ரிப்போர்ட் இல்லாம டாக்டருங்க எதப் பாத்து மருந்து எழுதுவாங்க?" என்று தலைமை நர்ஸ் இரண்டு தடவை போன் செய்துவிட்டார். எட்டு ஐந்துக்கு, முடியப்போகிற நேரத்தில், லோடு நின்று, ஏறியதெல்லாம் திரும்பி வெளியே வந்துவிட்டது. ஒரே ஒரு வரியில் தேதி இல்லை. ஒன்றுக்கு இடமில்லையென்றால் நாற்பது லட்சமும் வெளியே. அதுவும் இந்த மகானுபாவர் வைத்த சட்டம்தான்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அந்த ஒரு வரியத் தூக்கிக் கடாசுங்க சார்."

"வரியா? அது ஒரு ஆளு மேடம்," என்றவர், அந்த வரியிலிருந்த எண்ணுக்குப் போன் போட்டார். "அம்மா, ஆஸ்பத்திரியிலேர்ந்து பேசுறேன். நீங்க இங்க ரத்த டெஸ்ட் பண்ணது என்னைக்குன்னு ஞாபகம் இருக்கா?"

அந்தம்மா, மருமகளோடு கோபித்துக்கொண்ட நாளிலிருந்து ஆரம்பித்தார். எட்டு பதினெட்டுக்கு ஒருவழியாகத் தேதி வந்தது. அதை ஒற்றை விரலால் அடித்து, லோடை மறுபடி தட்டிவிட்டார். போனை மட்டும் வைக்கவில்லை. பெரியவர்கள் பேசும்போது எப்படி வைப்பதாம்.

எட்டு ஐம்பத்தெட்டுக்குக் கடைசி வரியும் உள்ளே போய் உட்கார்ந்தது. என் மேஜைப் போன் அலறியது. தலைமை நர்ஸ்தான். தடுப்புக்காரர் தன் போனை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு கிசுகிசுத்தார்: "ஏறிடுச்சுன்னு சொல்லுங்க மேடம். அம்மா இப்பத்தான் முழங்கால் வலிக்கு வந்திருக்காங்க."