தண்ணீர் ஓரத்துச் செருப்பு

கொள்ளிடப் பாலத்து நெரிசலில் பஸ் நின்றதும், ஜன்னல் வழியே புதுத்தண்ணீரின் சேற்று வாசனை ஏறியது. என் கால்விரல்கள் தாமாக மடங்கிக்கொண்டன. பாலத்துக்குக் கீழே முன்பு ஒரு மண்திட்டு இருந்தது, பிறகு வந்த வெள்ளம் அதைக் கரைத்துவிட்டது. பொன்மலை ரயில்வே பட்டறையில் ஷிப்டு முடிந்ததும் அப்பா என்னை சைக்கிளில் உட்காரவைத்து அங்கேதான் தூண்டில் போட வருவார். மேலே அணையில் ஷட்டரைத் திறந்தால் ஆறு சத்தமில்லாமல் ஏறும் என்பதால், தண்ணீர் ஓரத்தில் அடையாளத்துக்கு ஒற்றைச் செருப்பைக் கழற்றி வைப்பார். தக்கையைப் பார்ப்பது அவர் வேலை, செருப்பைப் பார்ப்பது என் வேலை. அவர் பிடித்த மீன் எதுவும் எனக்கு ஞாபகமில்லை. தேய்ந்த குதிகாலும், நீல வாரும், அதைத் தொட்டுத் தொட்டுப் போகும் கலங்கல் நுரையும்தான் ஞாபகம்.

ஒருநாள், "அப்பா, செருப்பு நனையுதுப்பா!" என்று கத்தினேன்.

"இரு பாப்பா, பெரிய கெண்டை, இழுக்குது பாரு."

"செருப்பு போகுதுப்பா!"

தூண்டில் நரம்பை அறுத்துவிட்டு, என்னைத் தூக்கிக்கொண்டு, முழங்கால்வரை உள்ளிழுத்த சேற்றில் அவர் கரையேறினார். திரும்பிப் பார்த்தால், நாங்கள் உட்கார்ந்திருந்த இடத்தில் தண்ணீர் சுழித்துக்கொண்டிருந்தது.

"ஒத்தச் செருப்போட வர்றீங்க?" என்று கேட்ட அம்மாவிடம், "கெண்டை போட்டுக்கிட்டுப் போயிடுச்சு" என்றார்.

இன்று பாலத்துக்குக் கீழே, கரைச்சேற்றில் ஒருவர் தூண்டிலோடு தனியாகக் குந்தியிருந்தார். செருப்பு இரண்டும் காலிலேயே இருந்தன.

"அண்ணே, செருப்பக் கழட்டித் தண்ணி ஓரத்துல வைங்கண்ணே!" என்று ஜன்னல் வழியே கத்தினேன்.

பக்கத்து சீட்டு அம்மா சிரித்தார். "ஏம்மா, அது என்ன கோயிலா?"

பஸ் நகர்ந்துவிட்டது. கீழே இருந்தவர் தக்கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.