பாகவதர் எதிர்வீட்டுக்குக் குடிபோன கதை

வெறும் வாயையே மெல்லுகிறவர் கிச்சா மாமா. அவருக்கு அவலைக் கொண்டுபோய்க் கொடுத்தது நாங்கள்தான். நாங்கள் என்றால் டைரக்டர் சரண்யாவும் கேமராமேனாகிய நானும். கோடம்பாக்கத்தில் சிவனே என்று பாட்டுக் காட்சி எடுத்துக்கொண்டிருந்த என்னை, மயிலாப்பூரின் பழைய வீடுகளைப் பற்றி ஆவணப்படம் எடுக்கலாம் என்று அவள்தான் இழுத்து வந்தாள்.

மாமா டெலிபோன் இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். குளத்துக்குப் பக்கத்துத் தெருவில், ரயில் பெட்டி மாதிரி நீண்டு கிடக்கும் தாத்தா காலத்து வீடு. “இந்த வீட்டுக்கு ஏதாவது விசேஷம் இருக்கா மாமா?” என்று சரண்யா கேட்டாள். ஒன்றுமில்லை என்று சொல்லியிருக்கலாம். அந்த வார்த்தை மட்டும் அவர் வாயில் வராது. கண்ணை மூடித் திறப்பதற்குள் கீழையூர் வெங்குடு பாகவதர் என்றொரு சங்கீத வித்வான் பிறந்துவிட்டார்.

“அவர் நம்மாத்துலதான் தங்குவார். இதோ, இந்த ஊஞ்சல்ல உக்காந்துண்டுதான் வர்ணமெல்லாம் பண்ணினார். எங்கப்பா பக்கத்துல விசிறிண்டு நின்னார்.”

ஊஞ்சல், மாமா ஓய்வு பெற்ற பிறகு பழைய சாமான் கடையில் ஆசைப்பட்டு வாங்கியது. அப்போது எங்களுக்கு அது தெரியாது.

படத்தைப் பார்த்துவிட்டு வேறு வேறு ஆட்கள் கேமராவைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். படத்துக்குப் படம் பாகவதர் வளர்ந்தார். ஒன்றில் குதிரை வண்டியில் வந்தார். இன்னொன்றில் வெள்ளத்தில் படகு பிடித்து வந்தார். சமையலறை வாசலில் வைதேகி மாமி தலையில் அடித்துக்கொண்டது ஒரு படத்தில் அப்படியே இருக்கிறது. எடிட்டர் அதைப் பக்திப் பரவசம் என்று நினைத்து வைத்துக்கொண்டாராம்.

எதிர்வீட்டு ஸ்ரீரங்கனுக்கு வயிறு எரிந்தது. அவர் வீடு மாமா வீட்டைவிட மூத்தது. அழகும் கூட. ஆனால் கேமராவைப் பார்த்தால் அவருக்கு “ஆமாம்”, “இல்லை” தவிர ஒன்றும் பெயராது. அதை வைத்துக்கொண்டு யார் படம் எடுப்பார்கள்?

மாமியின் கவலை வேறு. அவருக்கு முழங்கால் வலி. குளியலறையோ கொல்லைக் கோடியில், கிணற்றைத் தாண்டி, பாசி பிடித்த படிகளுக்குக் கீழே. ஒரு மழை நாளில் வழுக்கி விழுந்துவிட்டார். வீட்டை பில்டரிடம் கொடுத்துவிட்டு, லிஃப்ட் வைத்த ஃபிளாட்டில்தான் இனிமேல் இருப்பேன் என்று அன்றைக்கே சொல்லிவிட்டார். மாமாவும் தலையாட்டினார். தி.நகரில் பாத்திரக்கடை வைத்திருந்து, பிறகு கட்டடத் தொழிலில் இறங்கிய வெள்ளைத்துரை வந்து பேசி முடித்தார்.

சேதி பரவிய வேகத்தில், பழைய கட்டடங்களைக் காப்பாற்றும் ஆர்வலர்கள் வாசலில் கூடிவிட்டார்கள். ‘பாகவதர் இல்லத்தை இடிக்காதே!’ என்று அட்டைகள். அதில் ஒன்றை மாமா கையிலேயே கொடுத்தார்கள். போட்டோ எடுக்கிறார்கள் என்றதும் இந்த மனிதரும் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்!

வெள்ளைத்துரை கும்பிடு போட்டார். “கோர்ட்டு கேசுன்னு அலைய நம்மளால ஆகாது சாமி. மொதல்ல அந்தப் பாகவதரைக் காலி பண்ணுங்க. அப்புறமா வாரேன்.”

அன்று மாமி சத்தம் போடவில்லை. “ஏன்னா, உங்க பாகவதர் வந்து என் கையைப் பிடிச்சுப் படி எறக்குவாரோ?” என்று மட்டும் கேட்டார். மாமா கையிலிருந்த அட்டையைக் கதவுக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்தார்.

பொறுக்க முடியாமல் மாமியே எங்களைக் கூப்பிட்டு, கேமரா முன்னால் உள்ளதை உள்ளபடி சொன்னார். பாகவதரும் கிடையாது, வர்ணமும் கிடையாது என்றார். சரண்யாவுக்குக் கண் கலங்கிவிட்டது. “பில்டர் மெரட்டி வெச்சிருக்கான்டா, பாவம்” என்று என் காதில் சொன்னாள்.

மறுநாள் மாமாவை ஊஞ்சலில் உட்காரவைத்தோம். அட்டைக்காரர்கள் சுற்றி நின்றார்கள். ஸ்ரீரங்கனும் வேடிக்கை பார்க்க வந்திருந்தார். மாமா தொண்டையைச் செருமிக்கொண்டார். அந்த நேரம் பார்த்து மாமி சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வோர் அடியாகக் கொல்லைப் பக்கம் போனார். மாமா கேமராவை விட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஒரு பாவத்தை எறக்கி வெச்சுடறேன்” என்றார். “பாகவதர் தங்கினது இங்க இல்லை. எதிராத்துல. இங்க காபிக்குத்தான் வருவார். எங்கப்பா பொறாமையில மாத்திச் சொல்லிட்டார்.”

செத்துப்போன அப்பா எழுந்து வந்து மறுக்கவா போகிறார்?

“அப்போ இந்த ஊஞ்சல்?” என்றாள் சரண்யா.

மாமா பலகையைத் தடவிப் பார்த்தார். அதன்மேல் அவருக்கு உயிர். “அதுவும் அவாத்துதுதான். கேட்டு வாங்கிண்டு வந்தோம். திருப்பித் தரலை.”

எல்லாரும் ஸ்ரீரங்கனைப் பார்த்தார்கள். நானும் கேமராவைத் திருப்பினேன். அவர் மாமாவைப் பார்த்தார், ஊஞ்சலைப் பார்த்தார், கேமராவைப் பார்த்தார். 

“ஆமாம்” என்றார் ஸ்ரீரங்கன்.

அட்டைகள் தெருவைக் கடந்தன. தலையே போனாலும் வீட்டை விற்கமாட்டேன் என்கிற ஸ்ரீரங்கனுக்கு அதில் ஒரு நஷ்டமும் இல்லை. சாயங்காலமே ஊஞ்சலும் பின்னால் போனது. மாமாவும் ஒரு பக்கம் பிடித்துத் தூக்கிக்கொண்டு போனார்.

வெள்ளைத்துரை மாமா வீட்டை இடித்தபோது எனக்கு மனசு கஷ்டமாகத்தான் இருந்தது. அந்த முற்றத்து வெளிச்சம் இனி எந்த லைட்டிலும் வராது. ஆனால் கொல்லைப் படியை நினைத்துக்கொண்டேன்.

போன மாதம் எதிர்வீட்டில் எங்களுக்குப் படப்பிடிப்பு. ஊஞ்சலில் ஸ்ரீரங்கன். சரண்யா எதைக் கேட்டாலும் “ஆமாம்.” தெருவுக்கு அந்தப் பக்கம், புது ஃபிளாட்டின் மூன்றாம் மாடி பால்கனியில், கிச்சா மாமாவின் உதடு அசைந்துகொண்டே இருந்தது. என்னால் தாங்க முடியவில்லை. வேலை முடிந்ததும் கேமராவோடு அங்கே போனேன். லிஃப்ட் கதவு திறந்தது. உள்ளே மாமாவும் மாமியும்.

“வாடாப்பா! இந்த லிஃப்ட் இருக்கே, இதுல மொதமொதல்ல ஏறினது யார் தெரியுமோ?”

அதே பழைய குரல். மாமி முறைத்தார். நான் கேமராவை ஆன் செய்தேன்.

“யாரு மாமா?”

“வேற யாரு? இவதான்.”

மாமா சொன்ன எந்தக் கதைக்கும் மாமி தலையாட்டி நான் பார்த்ததில்லை.

“ஆமாம்” என்றார் மாமி.