சந்துக்குள் நுழையும் கார்

கார் வாங்கப் போகிறவன் சட்டைப்பையில் கயிறு வைத்துக்கொண்டு போவதை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். நான் அப்படித்தான் போனேன். கோலார் தங்கச் சுரங்கத்து ஊரிகத்தில், தொழிலாளிகளுக்கென்று வரிசையாகக் கட்டிய எங்கள் லைன் வீடுகளுக்கு நடுவே ஒரு சந்து ஓடுகிறது. ஒரு பக்கம் சாக்கடை, இன்னொரு பக்கம் வரிசையாக வாசற்படிகள். இரண்டுக்கும் இடையில் மிஞ்சுகிற அகலத்தைக் கயிறு பிடித்து அளந்து, முடிச்சுப் போட்டுச் சுருட்டிக்கொண்டேன். அந்த முடிச்சுக்குள் அடங்குகிற கார்தான் எனக்கு வேண்டும். நிறம் என்னவாக இருந்தாலும் சரி.

பெங்களூர் ஷோரூமில் கயிற்றைப் பிரித்ததும் விற்பனைப் பையன் சிரித்துவிட்டான். நான் சிரிக்கவில்லை. இருப்பதிலேயே சின்ன கார் எது என்று கேட்டு, அதன் முகப்பில் கயிற்றை நீட்டிப் பிடித்தேன். முடிச்சுக்கு வெளியே கார் ஒரு சாணுக்கு மேல் துருத்திக்கொண்டிருந்தது.

"இதுக்கும் சின்னதா இல்லியாப்பா?"

"இல்ல சார். சின்ன வண்டியெல்லாம் கம்பெனியே நிறுத்திட்டாங்க. இப்ப யாரு சார் அத கேக்கறாங்க?"

"நான் கேக்கறேனே."

வழவழவென்று ஒரு புத்தகத்தைக் கொடுத்தான். அதில் எல்லா காரும் ஏதோ ஒரு மலை உச்சியில் நின்றுகொண்டிருந்தது. எனக்கு மலை ஏறுகிற உத்தேசம் எதுவும் கிடையாது. விலையைப் பார்த்தபோது, சந்து இரண்டு பங்கு அகலமாக இருந்திருந்தாலும் என் கைக்கு அது எட்டாது என்று தெரிந்தது. புத்தகத்தை அங்கேயே வைத்துவிட்டு ரயிலுக்கு வந்துவிட்டேன்.

வாசல் வரை வராவிட்டால் என்ன, காரை மெயின் ரோட்டில் நிறுத்திக்கொள்ளலாமே என்று பலர் சொன்னார்கள். சொல்வது சுலபம். எனக்கு ஏன் கார் வாசலில்தான் நிற்க வேண்டும் என்பதை அவர்களிடம் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.

என் அப்பா சுரங்கத்தில் ஷிப்டுக்குப் போனவர். நான் பெங்களூரில் ஒரு தொழிற்சாலை ஸ்டோரில் வேலை பார்த்தேன். விடிவதற்கு முன் ரயில் ஏறி, இருட்டிய பிறகு திரும்புகிற பிழைப்பு. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்களும் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். அத்தனை வருஷம் அந்த லைனில் குடியிருந்தும் என் முகம் பாதிப் பேருக்குத் தெரியாது. ரிட்டயர் ஆனபோது வந்த பணத்தில் யாரோ ஓட்டிய பழைய சின்ன கார் ஒன்றை வாங்கி வாசலில் நிறுத்தினேன். அன்றைக்குத்தான் நான் அந்த லைனுக்குக் குடிவந்தேன் என்று சொல்ல வேண்டும்.

"அண்ணே, அம்மாவுக்கு மூச்சு வாங்குது, கொஞ்சம் வர்றீங்களா?" "அண்ணே, ஸ்டேஷன் வரிக்கும் விட்டுடுங்க, பொட்டி கனமா கீது." நேரம் காலம் இல்லாமல் கதவைத் தட்டுவார்கள். நானும் எரிந்து விழுவேன். எரிந்து விழுந்துகொண்டே சட்டையை மாட்டுவேன். பிரசவத்துக்குக் கொண்டுபோய் விட்ட பெண்ணைக் குழந்தையோடு திரும்ப அழைத்து வருவேன். மறுநாள் ஒரு பாத்திரத்தில் கறிக்குழம்பு வரும். பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனால் உட்காரச் சொல்வார்கள். எனக்கு இருந்த ஒரே உறவு அந்தக் கார்தான், மற்ற உறவுகளை அதுதான் ஏற்றிக்கொண்டு வந்தது.

அது ஒருநாள் நின்றுபோனது. ராபர்ட்சன்பேட்டை மெக்கானிக் பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு உடனே மூடிவிட்டார். "பார்ட்ஸ் வர்றதில்லீங்க. செஞ்சவனே இந்த வண்டிய மறந்துட்டான்" என்றார். பழைய இரும்புக்குப் போட்டேன். வாசலில் ஒரு எண்ணெய்க் கறை மட்டும் தங்கியது.

கொஞ்ச நாள், "காரு இன்னா ஆச்சுண்ணே?" என்று விசாரித்தார்கள். அப்புறம் ஆட்டோ பிடிக்கப் பழகிவிட்டார்கள். வசதி வந்த இரண்டொருவர் பெரிய கார் வாங்கி மெயின் ரோட்டில் நிறுத்தினார்கள். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போகிறவர்களிடம் யார் போய் ஸ்டேஷன் வரைக்கும் என்று கேட்பது? குற்றம் சொல்லவில்லை. ரோட்டில் நிற்கிற காருக்கும் லைனுக்கும் சம்பந்தம் இருக்காது, அவ்வளவுதான்.

என் கதவை யாரும் தட்டவில்லை. சாயங்காலமானால் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்காருவேன். திறந்து கிடக்கிற கதவை யாரும் தட்ட மாட்டார்களே என்று ஒருநாள் உறைத்தது. மூடி வைத்துப் பார்த்தேன். அப்போதும் தட்டவில்லை. தனியாக இருந்தேன். அதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

அதற்குப் பிறகுதான் கயிற்றோடு ஷோரூமுக்குப் போய் வெறுங்கையோடு திரும்பினேன். பேத்தமங்களாவில் ஒருவரிடம் சின்ன கார் இருக்கிறது, புதுசு மாதிரி வைத்திருக்கிறார் என்று டீக்கடையில் சொன்னார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே பஸ் ஏறினேன். ஏரிக்கரைக்குப் பக்கத்தில் வீடு. எங்கள் குழாய்களுக்கெல்லாம் தண்ணீர் அனுப்பிய பம்ப் ஹவுஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். என்னைவிட நாலைந்து வயது மூத்தவராக இருக்கும். மனைவியை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக வாங்கிய கார். மனைவி அதில் அதிக நாள் போகவில்லை.

கவரைக் கழற்றினார். வெளிர் நீலக் கார். கயிற்றை முகப்பில் வைத்தேன். பக்கத்துக் கண்ணாடிகளை மடித்தால் முடிச்சுக்குள் இரண்டு விரல் இடம் மிச்சம் இருந்தது. இன்னொரு முறை வைத்துப் பார்த்தேன்.

"இன்னா வெல சொல்றீங்க?"

"இன்னா அவசரம் சார்? மொதல்ல காப்பி குடிங்க."

காப்பி குடித்தோம். பிறகு ஓட்டுகிற இடத்தில் அவரும் பக்கத்தில் நானும் உட்கார்ந்து என்ஜினைப் போட்டுவிட்டு, நின்ற இடத்திலேயே வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தோம். பெரும்பாலும் பம்புகளைப் பற்றி அவர்தான் பேசினார். கிளம்பும்போது, "அடுத்த வாரம் வாங்க, வெலய பேசலாம்" என்றார். அடுத்த வாரமும் காப்பி, என்ஜின், பம்ப். மூன்றாவது முறை போனபோது கேட்டில் எதிரே வந்த ஒருவர் என் கையிலிருந்த கயிற்றைப் பார்த்துவிட்டு நின்றார்.

"காருக்கா? அவரு குடுக்க மாட்டாருங்க. நானும் ரொம்ப நாளா வந்துனு கீறேன்."

அன்றைக்கு பஸ்ஸில் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. சின்ன கார் எங்கேயும் கிடைப்பதில்லை. அதனால் கோலாரிலிருந்தும் முல்பாகலிலிருந்தும் ஆள் தேடி வருகிறார்கள். மனிதர் காப்பி கொடுத்து, பேசி, அனுப்பி வைக்கிறார். விற்றுவிட்டால் யார் வருவார்கள்? கிழவர் என்னைப் பொம்மையாட்டம் ஆட்டுகிறார் என்று திட்டிக்கொண்டே வந்தேன். ஊர் வருவதற்குள் கோபம் இறங்கிவிட்டது. எனக்கும் அந்தக் கார் எதற்கு வேண்டும் என்று எனக்குத் தெரியாதா என்ன? அடுத்த ஞாயிறும் போனேன். விலை கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. எங்கே கிளம்பிவிட்டீர்கள் என்று யாராவது கேட்டால் கார் பார்க்கப் போகிறேன் என்பேன். அது பொய்யும் இல்லை.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் அங்கே இருக்கும்போதே, கார் கேட்டு இருவர் வந்தார்கள். எங்கள் ஊருக்குப் பக்கத்தில் ஸ்கெலட்டன் என்கிற லைனில் குடியிருக்கும் புருஷன் பெண்டாட்டி. பைக்கில் இருவருக்கும் நடுவே ஒரு பெண் குழந்தை. குழந்தைக்கு அடிக்கடி இழுப்பு வருகிறது, பைக் காற்று ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். புதுக் காருக்கு வழியில்லை, இருந்தாலும் அவர்கள் சந்துக்குள் நுழையாது. அந்தப் பெண் சொல்லச் சொல்ல எனக்கு எரிச்சல்தான் வந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், காப்பியைக் கொடுத்து அவர்களையும் அனுப்பிவிடுவார் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

காப்பி போட உள்ளேதான் போனார். திரும்பி வந்தபோது குழந்தை பின் சீட்டில் ஏறிச் செருப்போடு தூங்கியிருந்தது. அம்மா பதறிப்போய்த் தூக்கக் குனிந்தாள்.

"எழுப்பாதீங்கம்மா" என்றார். தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கார் சாவியை எடுத்து வந்தார். பிறகு, "அப்டியே எடுத்துனு போங்க. பேப்பரெல்லாம் நாளைக்கு பாத்துக்கலாம்" என்றார்.

குழந்தையின் அப்பா சொன்ன விலைக்குக் கிழவர் மறுபேச்சுப் பேசவில்லை. அவனுக்கு இன்னும் கார் ஓட்ட வராது, பைக்கையும் கொண்டுபோக வேண்டும். கிழவர் என்னைப் பார்த்தார். "சார் ஓட்டுவாரு" என்றார்.

அப்படித்தான் அந்தக் காரை நான் ஒரே ஒரு முறை ஓட்டினேன். பின்னால் தாயும் குழந்தையும், அதற்குப் பின்னால் அவன் பைக். ஏரிக்கரை திரும்புகிற வரை கண்ணாடியில் அவர் தெரிந்தார். மடிக்காத கவரைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்டிலேயே நின்றிருந்தார். "நல்லா மெதுவா ஓட்றீங்கண்ணே" என்றாள் அந்தப் பெண். மெதுவாக ஓட்டியது குழந்தைக்காக மட்டும் இல்லை. அவர்கள் லைனில் திரும்பியபோது கண்ணாடிகளை மடித்துக்கொண்டேன். கார் இடிக்காமல் உள்ளே போனது. ஒவ்வொரு கதவாகத் திறந்து ஆட்கள் வெளியே வந்தார்கள். யாரோ ஒரு கிழவி காரைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இனிமே நம்ம லைன்லயே காரு" என்றாள். சாவியைக் கொடுத்தேன். உட்காரச் சொன்னார்கள். வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டு ஊரிகத்துக்கு நடந்தேன். ஒரு வேலையும் இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் பேத்தமங்களா போகவில்லை. எதைப் பார்க்கப் போவது? சட்டை மாட்டியவன் கழற்றிப் போட்டுவிட்டு, வாசலில் உட்கார்ந்து அந்த எண்ணெய்க் கறையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது முக்கால்வாசி மங்கிவிட்டிருந்தது.

அந்த வாரத்திலேயே ஒருநாள் போன் வந்தது. அவர்தான்.

"சார், காரோட கவரு இங்கியே நின்னுபோச்சு. அவங்க எடுத்துனு போவல."

"அப்டியா?"

"நல்ல கவரு சார். ஒரு கிழிசல் இல்ல. உங்களுக்கு உதவுமா?"

என்னிடம் கார் இல்லை என்பது அவருக்குத் தெரியும். அந்த ஸ்கெலட்டன்காரனின் போன் நம்பர் அவரிடம் இருப்பதும் எனக்குத் தெரியும்.

"உதவும் சார்" என்றேன். "ஆனா அளவு சரியா வருதான்னு பாக்கணும். ஞாயித்துக்கெழமை கயிறு எடுத்துனு வர்றேன்."