குலேத்தா சமைக்கும் வீடு

கென்யாக் கரையோரம் இருக்கும் எங்கள் லாமுத் தீவில் மகள் பிறந்தால் தகப்பன் அவளுக்கென்று ஒரு வீடு எழுப்பத் தொடங்குவார். கல்யாணமானதும் மாப்பிள்ளைதான் பெட்டியோடு அங்கே குடிவர வேண்டும். என் பக்கத்து வீட்டுக் குலேத்தாவுக்கும் அவள் தகப்பன் பவளக்கல்லில் வீடு கட்டிக் கொடுத்திருந்தார். அங்கேதான் அவள் நயீமாவைப் பெற்றாள். புருஷனின் மையத்தும் அங்கிருந்துதான் போயிற்று.

மழைக்காலம் நெருங்கியபோது தம்பி அத்மானி வந்தான்.

"அக்கா, கூரைக் கம்பெல்லாம் உளுத்துப்போச்சு. தலையில விழுந்தா என்ன பண்ணுவ? நயீமாவோட பாத்தே தீவுக்குப் போய் சின்னம்மா வீட்டுல இரு. நான் மாத்திப் போட்டு வைக்கிறேன்."

சாவியைக் கொடுத்துவிட்டுப் போனாள். மழை ஓய்ந்து காற்று திரும்பியதும் படகேறி வந்து கதவைத் தட்டினாள். திறந்தவர் ஓர் இத்தாலிக்காரர். தகப்பன் பெயரிலேயே கிடந்த வீட்டை, தான் ஒருவனே வாரிசு என்று சொல்லி அத்மானி விற்றிருந்தான்.

பள்ளிவாசல் பெரியவர்களிடம் போய் நின்றாள். "கூடப் பொறந்தவனை ஜெயிலுக்கு அனுப்பப் போறியா? உங்களுக்குள்ள பேசித் தீத்துக்கங்கம்மா" என்று கைகழுவிவிட்டார்கள்.

இத்தாலிக்காரருக்குச் சமைக்க ஆள் தேவைப்பட்டது. குலேத்தா போய்ச் சேர்ந்தாள்.

"உனக்கு ரோஷமே இல்லையாடி?" என்று கேட்டேன்.

"அந்த அடுப்பு நான் போட்டது. மத்தவங்க கைக்குப் புகையத்தான் செய்யும்" என்றாள்.

வீடில்லாத நயீமாவைக் கல்யாணம் செய்து மொம்பாசாவில் மாமியார் வீட்டுக்குத்தான் அனுப்ப முடிந்தது. அங்கே சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் குத்தல் பேச்சு வரும். "ஏம்மா அவனை நம்புன?" என்று அவள் போனில் அழுவாள்.

சில வருஷம் கழித்து, வெளிநாட்டுக்காரர்களுக்கு ஊரைச் சுற்றிக்காட்டும் வேலையில் இருந்த அத்மானி, அந்த வீட்டுக்கே விருந்தாளிகளைக் கூட்டிவந்தான். அவர்களை மாடிக்கு அனுப்பிவிட்டு அடுக்களை வாசலில் வந்து நின்றான்.

"தேங்காய்ப்பால் சோறாக்கா? உன் கையால சாப்பிட்டு எத்தனை நாளாச்சு. ஒரு தட்டு போடேன்."

"இருப்பா. வீட்டுக்காரங்களைக் கேட்டுட்டு வரேன்."

மேலே போனவள், அவன் காத்திருந்து சலித்துப் போகும்வரை இறங்கவில்லை.

"நெசமாவே கேட்டியா?" என்றேன் மறுநாள்.

"கேட்டேன். தாராளமா குடுன்னாரு. எனக்குத்தான் கை வரல."

இன்றும் அங்கேதான் சமைக்கிறாள். நயீமா ஊருக்கு வந்தால் என் வீட்டில் தங்குகிறாள்.