மீட்டர் பெட்டியைப் பார்த்துக் கடை பிடிப்பவள்

பீட்சாக் கடைக்கு இடம் பார்க்கப் போனால் என் அக்கா தெருவில் கூட்டத்தைப் பார்க்க மாட்டாள். நேரே மீட்டர் பெட்டியைத்தான் பார்ப்பாள். அவளுடைய கரண்ட் அடுப்புக்கு த்ரீ பேஸ் லைன் வேண்டும். புதிதாக வாங்குவதென்றால் செருப்புத் தேய அலைய வேண்டும்.

அடிபட்டுக் கற்றது இது. முதல் கடைக்கு டைல்ஸ், கல் மேடை, தனி லைன் என்று இழைத்து இழைத்துச் செய்தாள். பதினோராம் மாதம், தன் மகனுக்கு இடம் வேண்டும், காலி செய் என்றார் கட்டடச் சொந்தக்காரர். டைல்ஸைச் சுரண்டி எடுத்துக்கொண்டா வர முடியும்?

அவள் அழவில்லை. என் வெல்டிங் பட்டறைக்கு வந்தாள்.

"தம்பி, இனிமே என் கடையில சக்கரம் இல்லாத சாமானே இருக்கக் கூடாது."

"உனக்கும் ரெண்டு மாட்டிடவாக்கா?"

"மொதல்ல உன் வாய்க்கு ஒரு வெல்டிங் வைடா."

அடுப்பு, மாவு மேசை, கல்லா எல்லாவற்றுக்கும் சக்கரம் வைத்தேன். இரண்டாவது கடை கார் கழுவும் இடத்து மூலையில் நன்றாக ஓடியது. மூன்றாவதற்கு ஒரு டயர் கடையைப் பிடித்தாள். லைன் இருந்தது, பாதிக் கொட்டகை காலி.

"டயர் நாத்தத்துல யாரும்மா திம்பாங்க?" என்றார் டயர்க்காரர்.

"பஞ்சர் ஒட்டுற வரைக்கும் வந்தவங்க என்னண்ணே பண்றாங்க?"

"நிக்கிறாங்க."

"நின்னா பசிக்கும்."

ஒரு வாரம் பார்ப்போம், தன் வேலை கெட்டால் கிளம்பிவிட வேண்டும் என்றார் அவர்.

மூன்றாம் நாளே கெட்டது. அடுப்பு சூடேறும்போது காற்றடிக்கும் இயந்திரமும் ஓட, ஃபியூஸ் போய்விட்டது. பாதிக் காற்றோடு நின்ற லாரிக்காரர் கத்தினார். டயர்க்காரர் வாசலைக் காட்டினார்.

"தள்ளிட்டுப் போயிடலாம்க்கா, சக்கரம்தான் இருக்கே" என்றேன், அன்று கடையைப் பார்க்க வந்திருந்த நான்.

"நீ சும்மா இரு." டயர்க்காரர் பக்கம் திரும்பினாள். "அண்ணே, இது சூடேறும்போதுதான் நிறைய இழுக்கும். ஆறு மணிக்கே வந்து ஏத்திடுறேன். நீங்க தொறக்கிறப்ப கம்முனு கெடக்கும்."

"ஆறு மணிக்குக் கதவ யாரு தொறப்பா?"

"சாவியக் குடுங்க, நானே தொறந்துக்கிறேன்."

முறைத்தார். கொத்திலிருந்து ஒரு சாவியைக் கழற்றிக் கொடுத்தார்.

எனக்கு நம்பிக்கையில்லை. எட்டாம் நாள் காலை, சாமானை ஏற்றிவர டெம்போவோடு போய் நின்றேன். டயர்க்காரர் ஒருவரைப் பழைய டயர்மேல் உட்காரவைத்து, "கா மணி நேரம் ஆகும் சார், அதுக்குள்ள ஒரு பீட்சா சாப்பிடுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அக்கா மாவுக் கையோடு வெளியே வந்தாள்.

"டெம்போ எதுக்குடா?"

சாமான் கட்டக் கொண்டுவந்த கயிற்றை சீட்டுக்கு அடியில் தள்ளினேன்.

"வந்ததும் நல்லதுதான். பின்தெருவுல ஒரு அச்சகம் மூடிக் கெடக்காம். வண்டிய எடு, மீட்டர் பெட்டியப் பாத்துட்டு வந்துடலாம்."