குக்கரம்மாவின் கை

"விளக்கை அணை" என்று, சொன்னதைக் கேட்டு விளக்கை இயக்கும் பெட்டியிடம் சொல்லி வாய் மூடுவதற்குள் குக்கரம்மாவின் கை போய்ச் சுவரிலுள்ள சுவிட்சைத் தட்டிவிடுகிறது. "பாத்தீங்களா, கையே படாம அணைஞ்சிடுச்சு!" என்று பெருமையாகத் திரும்புகிறார். வாங்க வந்த தம்பதி சிரிப்பதைப் பார்த்த பிறகுதான் கை எங்கே இருக்கிறது என்று தெரிகிறது. நாக்கைக் கடித்துக்கொள்கிறார். "இது கணக்குல வராதுங்க. இருங்க, மறுபடி காட்டுறேன்."

அந்தப் பெரிய கடையில் எல்லோருக்கும் அவர் குக்கரம்மா. பாத்திரம், மிக்சி, மெத்தை, தலையணை என்று ஒரு குடித்தனத்துக்கு வேண்டியதெல்லாம் விற்கிற கடை. அதற்குத் திடீரென்று ஓர் ஆசை வந்தது: சொன்னால் எரியும் விளக்கு, சொன்னால் விலகும் திரை, வாசலில் ஆள் நின்றால் போனில் காட்டும் கேமரா, இதையெல்லாம் நாமும் விற்போமே என்று. மாடியில் பாதியைக் காலி செய்து ஒரு மாதிரி வீடே கட்டிவிட்டார்கள். கூடம் உண்டு, படுக்கையறை உண்டு, கூரைதான் கிடையாது. அங்கே யாரை நிறுத்துவது என்று மண்டையை உடைத்துக்கொண்ட மேலாளர், விசில் சத்தத்துக்குப் பயப்படுகிறவர்களுக்கே குக்கரை விற்றவர் என்று இவரை மேலே அனுப்பிவைத்தார்.

அந்தக் கூரையில்லாத வீட்டுக்குள் குக்கரம்மா செருப்போடு போவதில்லை. யாரும் படுக்காத கட்டிலின் விரிப்பைத் தினமும் உதறிப் போடுகிறார். அதன் மேல் ஏறிக் குதிக்கிற பிள்ளைகளிடம், "ஏய், இது யாரு வீட்டு மெத்தைன்னு நினைச்சே?" என்று சண்டைக்குப் போகிறார். எரிகிற விளக்கைத் தாண்டிப் போவது மட்டும் அவரால் ஆகாத காரியம். சுவிட்சின் மேல் மேலாளர் காகிதம் ஒட்டிப் பார்த்தார். இவர் காகிதத்தோடு சேர்த்து அமுக்கினார். "என்ன சார் பண்றது? எரியுற விளக்கை விட்டுட்டு வெளிய வர எனக்கு மனசே வராது. எங்கம்மா வளர்ப்பு அப்படி."

நான் அங்கே போனது என் அக்காவுக்காக. பள்ளிக்கூடத்தில் டிரில் டீச்சராக இருந்தவள். மைதானத்தின் அந்தக் கோடியில் ஓடுகிறவனை இந்தக் கோடியிலிருந்து ஒரே அதட்டலில் நிறுத்துவாள். ஒரு காய்ச்சல் வந்து நரம்பைத் தின்றுவிட்டுப் போனது. கைகால் எழும்பவில்லை, குரல் மட்டும் மிஞ்சியது. அந்தக் குரலால் யாரையாவது கூப்பிடுவாளா என்றால் அதுவும் மாட்டாள். விளக்குப் போடச் சொல்லி இன்னொருவரை ஏவுவதைவிட இருட்டில் கிடக்கலாம் என்கிற ரோஷக்காரி. நான் வேலைக்குப் போய்த் திரும்பும்வரை வீட்டில் வேறு யாரும் இல்லை. பக்கத்து வீட்டு அம்மா எட்டிப் பார்ப்பதோடு சரி.

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்ட குக்கரம்மா, "ஒரு பெட்டி, ஒரு விளக்கு, ஒரு திரை. இப்போதைக்கு இது போதும் சார். மத்ததெல்லாம் டீச்சர் பழகட்டும், அப்புறம் பாக்கலாம்" என்றார். மாட்டிவிட எங்கள் வீட்டுக்கு வந்த ஆளோடு தானும் வந்து நின்றார். அது அவர் வேலையே இல்லை. "நான் வித்தது, நான் பாக்க வேணாமா?"

"விளக்கைப் போடு!" என்று அக்கா அதட்டினாள். எரிந்தது. "திரையை விலக்கு!" விலகியது. விலக்கு, மூடு, விலக்கு என்று அதைப் படாதபாடு படுத்தினாள். "என் கிளாஸ் பிள்ளைங்களை விட இது சொன்ன பேச்சு கேக்குதுடா" என்று சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து எவ்வளவு காலமாயிற்று! திறந்த சன்னலையே பார்த்துக்கொண்டிருந்தவளிடம் சொல்லிக்கொண்டு நாங்கள் கிளம்பினோம். வந்தவர்களை வழியனுப்பிவிட்டு நானும் அப்படியே வேலைக்குப் போய்விட்டேன்.

பொழுது சாயும்போது திரும்பினால் அறை இருட்டு. கதவோரச் சுவிட்சைத் தடவிப் போட்டேன். வெளிச்சத்தில் அக்காவின் கண்ணோரம் நனைந்திருந்தது.

"எத்தனை தடவை சொன்னேன் தெரியுமா? நீ தொட்டா எரியுது, நான் சொன்னா எரியல. குரலும் போயிடுச்சுடா தம்பி."

"இப்போ சொல்லிப் பாருக்கா."

"மாட்டேன். தூக்கிட்டுப் போகச் சொல்லு."

எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. குக்கரம்மாவைப் போனில் பிடித்து வாய்க்கு வந்தபடி கத்தினேன். எல்லாம் ஓய்ந்த பிறகு அவர் கேட்டது ஒரே கேள்வி: "நீங்க வந்தப்ப சுவிட்ச் அணைஞ்சிருந்துச்சா சார்?"

"ஆமா. நான்தான் போட்டேன்."

"ஐயய்யோ, பாழாப்போன கை!" என்றார். "அந்தச் சுவிட்சை அணைச்சா விளக்குக்கும் பெட்டிக்கும் கரண்டே போகாது. தொண்டை கிழியக் கத்தினாலும் ஒண்ணும் நடக்காது. கிளம்பும்போது நான்தான் சார்... டீச்சர்கிட்ட சொல்லுங்க, அவங்க குரலுக்கு ஒண்ணும் ஆகல."

சொன்னேன். "ரெண்டு பேரும் சேர்ந்து எனக்கு ஆறுதல் சொல்றீங்களாக்கும்" என்று அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மறுநாள் கடை திறக்குமுன் குக்கரம்மா வந்துவிட்டார். கடையில் ஊரே கேட்கப் பேசுகிறவர், கட்டிலருகே வந்து குரலைத் தழைத்துக்கொண்டார். "உங்க குரல்ல ஒரு குறையும் இல்ல டீச்சர். குறையெல்லாம் இந்தத் திருட்டுக் கையிலதான்." வலது கையை முன்னே நீட்டி, இடது கையால் பட்டென்று ஓர் அடி வைத்தார்.

அக்கா அவரை மேலும் கீழும் பார்த்தாள். "என் கிரவுண்டுல மாட்டியிருந்தா உன்னை ரெண்டு ரவுண்டு ஓட விட்டிருப்பேன்."

"இப்பவே ஓடறேன் டீச்சர். சுவிட்சைப் போட்டு, பெட்டிகிட்ட சொல்லித்தான் விளக்கை அணைச்சு வச்சிருக்கேன். முதல்ல நீங்க அதைப் போடச் சொல்லுங்க."

அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். அதட்டவில்லை. தோற்றுப்போகப் பயந்தவள் மாதிரி மெல்லத்தான் சொன்னாள்: "விளக்கைப் போடு."

எரிந்தது. நான் அழுதேன். அக்கா என்னைப் பார்த்து, "தடிமாடு மாதிரி நிக்காதே, அவங்களுக்கு ஒரு நாற்காலி போடு" என்றாள். இந்த முறை மைதானக் குரல்.

அந்தக் கடையைப் பற்றி என்னிடம் ஆயிரம் புகார் உண்டு. தூக்குவதற்குள் பிடி கழன்ற வாளியைக்கூட இன்னும் மறக்கவில்லை. ஆனால் அங்கே யாரோ ஒரு புண்ணியவான் குக்கர் விற்றவரை மாடிக்கு அனுப்பினாரே, அவர் நன்றாக இருக்கட்டும். குக்கரம்மா இன்னும் நன்றாக இருக்கட்டும். இப்போதெல்லாம் அக்கா விடியும்போதே திரையை விலக்கச் சொல்லி, தெருவில் போகிற பள்ளிப் பிள்ளைகளைப் படுத்தபடியே மிரட்டுகிறாள்.

விடுமுறை நாளில் குக்கரம்மா வீட்டுக்கு வருவதுண்டு. பெட்டியைப் பார்க்க என்று சொல்லிக்கொண்டு வருவார்; பேசுவதெல்லாம் அக்காவோடுதான். போன வாரமும் அப்படித்தான் வந்திருந்தார். அக்கா கொஞ்சம் தூங்கட்டும் என்று எழுந்து, பையை மாட்டிக்கொண்டு கதவோரம் போனார். விளக்கு எரிந்துகொண்டிருந்தது; தன்பாட்டுக்கு வலது கை சுவிட்சை நோக்கி எழும்பியது. ஒரு சாண் தூரத்தில் நின்றது. அந்தக் கையை இடது கையால் பிடித்து இழுத்து, இரண்டையும் நெஞ்சோடு சேர்த்துக் கட்டிக்கொண்டார். அப்புறம் கட்டில் பக்கம் திரும்பி, டிரில் வகுப்பில் முதல் வரிசையில் நிற்கிற பிள்ளை மாதிரி, அக்காவின் வாயையே பார்த்தபடி நின்றார்.